ஜெயம்மாள் கரிக்கு எடுத்த படம்

என் அத்தை ஜெயம்மாளைப் பற்றி எங்கள் உறவுக்காரர்கள் இரண்டு கதை சொல்வார்கள். நிலக்கரிக்குள் ஒளிந்திருந்த கல்லை அவள் உடைக்காமலே பார்த்தாள் என்பது ஒன்று. அந்தக் கரியைப் படம் எடுத்ததால்தான் அவளுடைய இடது கையில் இரண்டு விரல் போயிற்று என்பது இன்னொன்று. முதல் கதை உண்மை, கொஞ்சம் ஊதிப் பெருக்கியது. இரண்டாவது சுத்தப் பொய். கல்யாண வீட்டில் யாராவது இந்த இரண்டாவது கதையை எடுத்தால் எனக்குக் கோபம் வந்துவிடும். ஒரு முறை பந்தியில் பாதி இலையோடு எழுந்து சண்டை போட்டிருக்கிறேன். சண்டை போட்டு யாரும் திருந்தவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அத்தை பிறந்தது காவேரிப்பாக்கத்தில், ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று மூன்றில் அல்லது நான்கில். வாழ்க்கைப்பட்டது வேலூர் சலவன்பேட்டையில், ஒரு வண்டிக்காரருக்கு. அவளுக்கு முப்பது வயதாகும் முன்பே அவர் காய்ச்சலில் போய்விட்டார். குழந்தை இல்லை. அவளுக்குப் பன்னிரண்டு வயது இளையவர் என் அப்பா கன்னியப்பன். அவர் பிறந்த கொஞ்ச நாளில் அவர்களுடைய அம்மா செத்துப்போனதால் அவரைத் தூக்கி வளர்த்தது அத்தைதான். அப்பா பெரியவராகி, ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஒரு டேனரியில் பாய்லருக்குக் கரி போடும் வேலையில் சேர்ந்தார். ஆவாரம்பட்டை அரைக்கிற மில்லும், தொட்டிகளுக்குத் தண்ணீர் ஏற்றுகிற பம்பும் அந்த பாய்லரின் ஆவியில்தான் ஓடின.

அத்தைக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். எழுதவும் வரும், எழுத்து மட்டும் கோழி கிளறியது மாதிரி இருக்கும். இந்தப் படிப்பை நம்பித்தான் வேலை தேடினாள். வேலூர் தோட்டப்பாளையத்தில் டாக்டர் கோதண்டராமன் ஒரு எக்ஸ்ரே அறை திறந்தது அப்போதுதான். ஊரில் அதற்கு எலும்புப் படம் என்று பெயர். திறந்து ஆறு மாதம் வரை அவரிடம் ஆண்கள் மட்டும் வந்தார்கள். பாதி ஜனம் வராததற்குக் காரணம் அவருக்கு மெதுவாகத்தான் புரிந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கத்து முஸ்லிம் வீட்டுப் பெண்கள் படுதா கட்டிய வண்டியில் வாசல் வரை வருவார்கள். உள்ளே தொட்டுப் பார்க்கிறவர் ஆண் என்று தெரிந்ததும் வண்டி அப்படியே திரும்பிவிடும். மற்றப் பெண்களும் அந்நிய ஆணின் முன்னால் இடுப்பைக் காட்டிப் படுக்கத் தயாராக இல்லை. அதனால் அவர் ஒரு பெண்ணை வேலைக்கு எடுத்தார். அது என் அத்தை.

வேலை எப்படியென்றால், அறைக்கு நடுவில் ஒரு கனத்த படுதா. நோயாளிப் பெண்ணும் அத்தையும் உள்ளே. டாக்டர் படுதாவுக்கு வெளியே, பலகைத் தடுப்புக்குப் பின்னால், சுவிட்சுக்குப் பக்கத்தில். பின்கட்டில் ஆயில் இன்ஜின் கோவிந்தசாமி இன்ஜினை ஓட்டுவார். வேலூரில் அப்போது எல்லா வீட்டுக்கும் கரண்ட் வந்திருக்கவில்லை. அத்தை நோயாளியைக் கிடத்தி, பிலிம் பெட்டியை அடியில் வைத்து, ஈயத்தில் வார்த்த நம்பரை ஓரத்தில் ஒட்டி, "ஆச்சு" என்று குரல் கொடுப்பாள். டாக்டர் சுவிட்சைப் போட்டுவிட்டு உரக்க எண்ணுவார். குழந்தையின் கைக்கு ஒன்று. பெரியவர்களின் முழங்காலுக்கு நான்கு. இடுப்புக்கு எட்டு. அவர் எண்ணி முடிக்கும் வரை குழந்தை அசையாமல் இருக்காது. அதனால் அத்தை அதன் கையையோ காலையோ தன் இடது கையால் பிடித்துக்கொள்வாள். வலியில் துடிக்கிற பெண்களையும் அப்படித்தான். ஒரு நாளைக்கு ஐந்து பேர், ஆறு பேர். படத்தைக் கழுவுவதும் அவளே. நோட்டில் எழுதுவதும் அவளே. பெயர், வயது, தகப்பன் அல்லது புருஷன் பெயர், என்ன கஷ்டம். இந்த நான்கும் எழுதாமல் டாக்டர் எந்தப் படத்தையும் பார்க்க மாட்டார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில், கோடைகாலத்தில், ஆம்பூர் டேனரியில் தகராறு ஆரம்பித்தது. முதலாளி லியாகத் அலி சாயபு பாய்லர் கொட்டகைக்கு வந்து நின்று, "கரி ஜாஸ்தி போவுது, ஸ்டீம் கம்மியா வருது. இன்னா கன்னியப்பா இது?" என்று கேட்டார்.

"கரியிலே கல்லு இருக்குது சாயபு" என்றார் அப்பா. "எரியற மாதிரி எரிஞ்சி அடியிலே கட்டி கட்டியா நின்னுடுது. ஒரு நாளைக்கு எத்தினி வாட்டி இடிச்சி வெளியே தள்றேன்னு வந்து பாருங்க."

சாயபு ஒரு கட்டியை உடைக்கச் சொல்லிப் பார்த்தார். உள்ளேயும் கறுப்பு. அதுதான் சிக்கல். நிலக்கரிக்குள் இருக்கிற கல் ஆற்றங்கரைக் கல் மாதிரி வெளுப்பாக இருக்காது. அதுவும் கரியோடு கரியாகக் கறுத்துப் படிந்திருக்கும். கண்ணால் பிரிக்க முடியாது. பாய்லரில் வேகிறவனுக்குத்தான் அது தெரியும்.

கரி கொடுத்தது காட்பாடியில் ஒரு காண்ட்ராக்டர். அவருடைய ஏஜெண்டு சாமிநாதன் வெள்ளைக் கோட்டும் தலைப்பாகையுமாக வந்து பார்த்தார். அப்பா ஒரு கட்டியை அவர் எதிரிலேயே எரித்துக் காட்டினார். பாதிதான் எரிந்தது. சாமிநாதன் சிரித்தார். "எரிக்கத் தெரியாதவன் எரிச்சா எந்தக் கரியும் இப்பிடித்தான் நிக்கும். தப்பு கரியிலே இல்லை, கையிலே இருக்குது" என்றார். அதோடு விட்டிருந்தால் போயிருக்கும். போகிற போக்கில், "ஆம்பூர்ல கொல்லன் பட்டறை எல்லாம் யார் ஊட்டுக் கரியிலே எரியுதுன்னும் ஒரு வாட்டி விசாரிங்க சாயபு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஒரு பேச்சு போதும். மறுநாளே டேனரி முழுக்க அப்பாவுக்குக் கரித்திருடன் என்று பெயர் வந்துவிட்டது. பட்டை அரைக்கிற பெண்கள்கூட அவரைப் பார்த்தால் பேச்சை நிறுத்தினார்கள். அப்பாவுக்கு அப்போது கல்யாணமாகி ஒரு வருஷம். என் அம்மா பட்டம்மாள் மூன்று மாதம் பிள்ளைத்தாய்ச்சி. அந்த வயிற்றில் இருந்தது நான். எரித்துக் காட்டினால் கையைக் குறை சொல்கிறார்கள், உடைத்துக் காட்டினால் கறுப்பாக இருக்கிறது. தன் பக்கத்தை நிரூபிக்க அவருக்கு வழியே இல்லை. எந்த நெருப்பு சாட்சி சொல்ல வேண்டுமோ, அந்த நெருப்பை மூட்டியதே இவர்தானே என்று தள்ளிவிட்டார்கள்.

எக்ஸ்ரே யோசனை சாயபுவுடையது. அவருடைய மனைவி நசீமுன்னிசா கிணற்றடியில் வழுக்கி விழுந்து, வேலூரில்தான் கையைப் படம் எடுத்திருந்தார்கள். "தோலை உரிக்காம எலும்பைப் பாத்துட்டாங்க. கரியையும் உடைக்காம பாத்துடலாம். கல்லு இருந்தா காண்ட்ராக்டர் பேர்ல தப்பு. இல்லைன்னா உன் பேர்ல தப்பு. அப்புறம் போலீஸ்தான்" என்றார். கண்ணை மூடிக்கொண்டு குவியலிலிருந்து தானே ஒரு கட்டியை எடுத்தார். சின்னப் பூசணி அளவு. கோணிப்பையில் கட்டி, முடிச்சில் அரக்கு வைத்து, குமாஸ்தாவிடம் கொடுத்து அனுப்பினார். வேலூர் எக்ஸ்ரே அறையில் கன்னியப்பனின் அக்கா வேலை செய்கிறாள் என்பது சாயபுவுக்குத் தெரியாது. அப்பாவும் வாயைத் திறக்கவில்லை.

டாக்டர் கோதண்டராமனுக்கு ஏக சந்தோஷம். சீமையில் நிலக்கரியையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார்கள் என்று அவர் ஏதோ பத்திரிகையில் படித்திருந்தாராம். எப்படி எடுக்கிறார்கள் என்பதைப் படித்தாரா என்று தெரியவில்லை. படித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அது ஒரு வியாழக்கிழமை. நோட்டில் எழுதாமல் படம் கிடையாது என்பதால் அத்தை எழுதினாள். அந்தப் பக்கத்தை நான் பிற்பாடு பார்த்திருக்கிறேன். பெயர்: கரி. வயது: தெரியாது. புருஷன் அல்லது தகப்பன்: லியாகத் அலி சாயபு டேனரி. என்ன கஷ்டம்: எரியவில்லை.

டாக்டர் கட்டியைக் கையில் தூக்கிப் பார்த்தார். கனமாக இருந்தது, கெட்டியாக இருந்தது, இடுப்பு அளவுக்குத் தடிமனாக இருந்தது. இடுப்புக்கு வைக்கிற கதிர்ப் பலத்தை வைத்து எட்டு எண்ணினார். அத்தை இருட்டறையில் கழுவிக் கொண்டுவந்த பிலிம் முழுக்கக் கறுப்பு. ஓரத்தில் ஈய நம்பர் மட்டும் வெள்ளையாக நின்றது. எக்ஸ்ரே பிலிமில் கதிர் புகுந்து போன இடம் கறுக்கும், எலும்பு மாதிரி ஏதாவது தடுத்த இடம் வெளுக்கும். டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்து, "ஒரு வெள்ளைப் புள்ளிகூட இல்லை. கல் இல்லை" என்றார். அப்படியே காகிதத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். குமாஸ்தா காகிதத்தை எடுத்துக்கொண்டார். சலவை வேட்டியோடு கரிக்கட்டியைச் சுமக்க மனமில்லாமல், திங்கட்கிழமை ஆள் அனுப்புவதாகச் சொல்லி அதை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

அத்தைக்கு அந்தப் படம் சரியாகப் படவில்லை. பிலிமில் கல் இல்லை, வாஸ்தவம். ஆனால் கரியும் இல்லை. கட்டியின் ஓரம்கூடத் தெரியவில்லை. குழந்தையின் கைக்குத் தவறிப்போய் இடுப்பு எண்ணிக்கை வைத்தால் இப்படித்தான் வரும். எலும்பையும் சேர்த்துக் கதிர் தின்றுவிடும். ஆரம்ப நாளில் இரண்டு முறை அப்படி நடந்திருந்தது. பார்க்கத்தான் கரி கல்லு மாதிரி, கதிருக்கு அது சதை மாதிரி என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியும் சொல்லவில்லை. "கன்னியப்பன் பொழப்பு அந்தக் காகிதத்திலே போவுதுன்னு தெரிஞ்சும் வாயை மூடிக்கினு நின்னேன். டாக்டர் சொன்னா சரியா இருக்கும்னு நெனைச்சேன். பயம்" என்று பின்னாளில் என் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அதை அவள் தன்னை மன்னித்துக்கொண்ட மாதிரி சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா வேலூர் வந்து நின்றார். டேனரியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். திங்கட்கிழமை போலீஸில் எழுதிக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டார்கள்.

"நீ வேலை செய்யற எடத்திலேயே கல்லு இல்லைன்னு எழுதிட்டாங்களே அக்கா. நீகூடவா நம்பறே?" என்று கேட்டார்.

"நான் நம்பறது இருக்கட்டும். நீ ஒரு துண்டு கரி வெளியே குடுத்தியா? அதைச் சொல்லு."

"உன் மேலே சத்தியமா இல்லை."

"அப்ப போய்ப் படு. சோறு தின்னுட்டுப் படு."

சனிக்கிழமை டாக்டர் சித்தூருக்குக் கிளம்பினார். மத்தியானம் அத்தை பின்கட்டுக்குப் போய் இன்ஜினை ஓட்டச் சொன்னாள். கோவிந்தசாமி ஐம்பது தாண்டியவர், எதற்கும் பயப்படுகிறவர்.

"டாக்டர் இல்லாத நேரத்திலே இன்ஜின் ஓடினா எண்ணெய் கம்மியாவும். கேட்டா இன்னா சொல்றது?"

"ஜெயம்மா சொன்னான்னு சொல்லுங்க."

"உன்னை வேலையை விட்டுத் தூக்கிடுவார்மா."

"தூக்கட்டும். என் தம்பியை ஜெயில்ல போடப் போறாங்க."

அவர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு இன்ஜினைச் சுற்றினார். சுவிட்சு போட ஆள் வேண்டும் என்று அவரையே உள்ளே இழுத்து, தடுப்புக்குப் பின்னால் நிறுத்தினாள். பலத்தைக் கூட்டிக் குறைக்கிற பிடியைக் குழந்தையின் கைக்கு வைக்கிற அடையாளத்தில் திருப்பி வைத்தாள். கரி ஏடு ஏடாகப் படிந்தது என்று அப்பா சொல்லியிருந்தார். ஏட்டின் குறுக்காகப் பார்த்தால்தான் கல் எந்த ஏட்டில் இருக்கிறது என்று தெரியும். அதற்குக் கட்டியை விளிம்பில் நிறுத்த வேண்டும். அது நிற்காமல் உருண்டது. செங்கல் அண்டை கொடுத்தால் செங்கல்லும் படத்தில் விழும். வழக்கம்போல அவள் இடது கையால் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணுன்னு சொல்லி முடிச்சதும் நிறுத்திடுங்க" என்றாள். கோவிந்தசாமி ஒன்று என்றார். நிறுத்தினார். அவ்வளவுதான். பிறகு அவள் தன் வெற்றிலைச் சுண்ணாம்பை எடுத்து, விரல்கள் இருந்த இடத்தில் கட்டியின்மேல் மூன்று கோடு போட்டாள்.

இந்தப் பிலிமில் கரி இருந்தது. மேகம் மாதிரி மங்கலாக, கட்டியின் முழு உருவமும் தெரிந்தது. அதற்குள் மூன்று வெள்ளைப் பட்டை, ஒன்று நீளம், இரண்டு குட்டை. நடுவில் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு வெள்ளை உருண்டை. கட்டியின் ஓரத்தில் அத்தையின் மூன்று விரல் எலும்புகள். அவளுடைய ஆள்காட்டி விரல் நுனி கோணல். சின்ன வயதில் உலக்கை பட்டது. அந்தக் கோணலும் படத்தில் அப்படியே விழுந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில், பிலிமைத் தலையணை உறையில் போட்டுக்கொண்டு, கரிக்கட்டியைக் கோணிப்பையோடு இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஆம்பூர் போனாள். அப்பாவையும் கூட்டிப் போனாள். சாயபு வீட்டு வராண்டாவில் சாமிநாதனும் இருந்தார், அடுத்த ரயில் வாகன் கரிக்கு ஆர்டர் வாங்க வந்தவர்.

சாயபு பிலிமை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். "டாக்டர் இல்லைன்னு எழுதினார். இதுல இருக்குதே" என்றார்.

"அது பலம் ஜாஸ்தியாய்டுச்சி சாயபு. கரியே அழிஞ்சிபோன படத்திலே கல்லு மட்டும் எப்பிடி நிக்கும்? இது கம்மி பலத்திலே எடுத்தது."

"யார் எடுத்தாங்க?"

"நான்தான்."

சாமிநாதன் எட்டிப் பார்த்தார். "இது யாரோ நோயாளியோட படம். வவுத்துலே கல்லு இருக்கிறவங்க படம். டாக்டர் கையெழுத்து இருக்குதா இதுலே? நீ யாரும்மா, கன்னியப்பனுக்கு இன்னா வேணும்?"

"அக்கா."

சாயபு அவளை மேலும் கீழும் பார்த்தார். "இதை மொதல்லயே ஏன் சொல்லலை?"

"யாரும் கேக்கலைங்க."

அதோடு காரியம் கெட்டுப்போயிற்று என்றே அப்பா நினைத்தாராம். சாயபு பிலிமைத் திருப்பிக் கொடுக்கக் கையை நீட்டிவிட்டார். அப்போது உள்ளே படுதாவுக்குப் பின்னாலிருந்து நசீமுன்னிசாவின் குரல் வந்தது. அந்தப் படத்தை உள்ளே அனுப்பச் சொன்னார். படம் போயிற்று. கொஞ்ச நேரத்தில் அத்தையையும் உள்ளே கூப்பிட்டார். அத்தையின் இடது கையைப் பிடித்து, விரலை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பிறகு வெளியே கேட்கும்படி சொன்னார்.

"இந்தக் கோண விரலை எனக்குத் தெரியும். என் கை உடைஞ்சப்ப, டாக்டர் எண்ணி முடிக்கிற வரைக்கும் இந்தக் கையைத்தான் புடிச்சிக்கினு அழுதேன். படத்திலே இருக்கிறது இவங்க விரல்தான். நோயாளி விரல் இல்லை. கரிமேல சுண்ணாம்புக் கோடு போட்டிருக்காங்க, வெச்சிப் பாருங்க."

சாயபு பிலிமைக் கட்டியோடு வைத்துப் பார்த்தார். விரலுக்குக் கோடு சரியாக இருந்தது. கட்டியின் உருவமும் சரியாக இருந்தது. சாமிநாதன் விடவில்லை. "நெழலு நெழலாத் தெரியறது எல்லாம் கல்லா? எரிச்சாத்தானே தெரியும். எரிக்கிறவன் இவன்."

"இவர் எரிக்க வேணாம். நான் எரிக்கிறேன்" என்றார் நசீமுன்னிசா.

அன்றைக்கு விருந்தாளி வந்திருந்ததால் கொல்லைப்புறத்தில் பிரியாணிக்கு அடுப்புக்கரி கனிந்துகிடந்தது. பிரியாணிப் பாத்திரமான தேக்சாவை இறக்கிய பிறகு, அந்தக் கங்கின் மேலேயே நிலக்கரிக் கட்டியை வைத்தார்கள். விசிறியது முதல் கிளறியது வரை நசீமுன்னிசாவும் அத்தையும்தான். அத்தையும் விசிறியைத் தொடக் கூடாது என்று சாமிநாதன் சொன்னதால் அப்புறம் நசீமுன்னிசா ஒருத்தரே. கண்ணெல்லாம் எரிய, முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். அப்பாவை வாசல் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். கரி எரிப்பதையே தொழிலாகக் கொண்ட மனிதர், புகையின் நிறத்தைப் பார்த்தே காற்று ஜாஸ்தி, காற்று கம்மி என்று கண்டுகொண்டு, ஒன்றும் சொல்ல முடியாமல் சாயங்காலம் வரை நின்றார். அதைவிடப் பெரிய தண்டனை போலீஸ்காரன்கூடக் கொடுத்திருக்க முடியாது என்பார்.

இதைப் படம் இல்லாமலே செய்திருக்கலாமே என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. செய்திருக்கலாம். ஆனால் வீட்டு அடுப்பில் சூடு போதவில்லை, கரி வேகவில்லை என்று சாமிநாதன் சொல்லியிருப்பார். வேகாத கரி மனசுக்குத் தோன்றிய உருவத்தில் மிஞ்சும். படத்தில் எழுதி வைத்த உருவத்தில் மிஞ்சாது.

சாயங்கால அஸர் தொழுகைக்குப் போய்வந்து சாயபு சாம்பலைக் கிளறினார். மூன்று தகடும் ஓர் உருண்டையும் கிடைத்தன. உருண்டை செம்மண் நிறத்தில் சிவந்து, விரலில் தொட்டதும் உதிர்ந்தது. தகடுகளை நிறுத்திப் பிலிமின் மேல் வைத்துப் பார்த்தார். நான்கும் அச்சாகப் பொருந்தின என்று எங்கள் உறவில் சொல்வார்கள். அத்தை அப்படிச் சொன்னதில்லை. "ரெண்டு பொருந்திச்சி. ஒண்ணு எடுக்கறப்பவே உடைஞ்சிபோச்சி. அது போதும்" என்பாள். போதுமானதாகத்தான் இருந்தது. சாமிநாதன் வேறு வாகன் அனுப்பச் சொல்கிறேன் என்று சொல்லி எழுந்துபோனார். சாயபு வாசல் கேட்டுக்குப் போய், "நாளைக்கு வேலைக்கு வந்துடு" என்றார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. அப்பாவும் எதிர்பார்க்கவில்லை. எனக்கு மட்டும் இன்னும் ஆறவில்லை.

வேலூருக்குத் திரும்பியதும் அத்தையே டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். தன் கையெழுத்தை ஒரு வேலைக்காரி பொய்யாக்கிவிட்டாள் என்பதுதான் அவருடைய வருத்தம். ஆனால் அவளை அனுப்பினால் படுதா வண்டிகள் வாசலோடு திரும்பிவிடும் என்று அவருக்குத் தெரியும். அதனால் அனுப்பவில்லை. ஒரு மாதம் கழித்து அவரே நாலைந்து கரிக்கட்டிகளைக் குறைந்த பலத்தில் எடுத்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் ஏதாவது தெரிந்தது. மதராஸில் டாக்டர்கள் கூட்டத்தில் அதைத் தன்னுடைய சோதனை என்று சொல்லிக் கைதட்டு வாங்கிவந்தார். அந்தக் கட்டிகளைப் பிடித்து நின்ற கை யாருடையது என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

பிறகு முப்பத்தைந்து, முப்பத்தாறு வாக்கில் அத்தையின் இடது கை நகங்கள் கறுத்தன. தோல் வறண்டு வெடித்தது. வேப்பெண்ணெய் தடவினாள், மஞ்சள் பற்றுப் போட்டாள். ஆள்காட்டி விரலில் வந்த புண் இரண்டு வருஷம் ஆறவில்லை. முப்பத்தெட்டில் பெரிய ஆஸ்பத்திரியில் அந்த விரலையும் நடுவிரலையும் எடுத்தார்கள். வருஷக்கணக்காகக் கதிர் பட்டதால் வந்த புண் என்று அங்கே சொன்னார்கள். டாக்டர் கோதண்டராமனின் கைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் எப்போதும் தடுப்புக்குப் பின்னால் நின்றவர்.

அப்பாவால் இதைத் தாங்க முடியவில்லை. தனக்காகக் கரியைப் பிடித்ததால்தான் அக்கா விரல் போயிற்று என்று எல்லாரிடமும் அழுதார். இரண்டாவது கதை பிறந்தது அப்படித்தான், அவருடைய வாயிலிருந்துதான். அந்தப் பிலிமைச் சாயபுவிடம் கேட்டு வாங்கித் துணியில் சுற்றி வைத்திருந்தார். அடிக்கடி எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடிப்பார், கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வைப்பார்.

விரலை எடுத்து, கட்டுப் பிரித்த சில நாளில் அத்தை ஆம்பூருக்கு வந்தாள். அப்பா வழக்கம்போலப் பிலிமைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். அம்மா சொன்னது இது. அத்தை அதை வாங்கி, மிச்சமிருந்த விரல்களோடு தன் இடது கையைப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தாள். மோதிர விரல் அதன் எலும்பின் மேல் சரியாக உட்கார்ந்தது. பக்கத்தில் இரண்டு எலும்புகள் மூட ஆளில்லாமல் வெள்ளையாகத் தெரிந்தன. அப்பா விம்ம ஆரம்பித்தார்.

"பைத்தியம். உன் கரிக்கு ஒரு எண்ணிக்கை" என்றாள் அத்தை. "ஒரே ஒண்ணு. ஆஸ்பத்திரியிலே சொன்னதை நீயும் கேட்டியே, வருசக்கணக்கா பட்டதுன்னு. பன்னெண்டு வருசமா நான் புடிச்ச கொழந்தைங்க கையி எத்தினி? அதுங்க பேர்ல யார் அழுவறாங்க? அந்தக் கொழந்தைங்க எல்லாம் இப்ப ஓடியாடிக்கினு இருக்கும். நீ அழுவாதே."

அப்பா பிலிமிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் அவருடைய முகவாயைப் பிடித்துத் திருப்பினாள்.

"என் வெரலைப் பாக்கறதுக்கு இதை எடுக்கலைடா. கல்லைப் பாரு. உன்னைத் திருடன்னு சொன்னாங்க இல்லே, அதுக்குப் பதில் அங்கே இருக்குது. அதைப் பாரு."

அந்தப் பிலிம் இப்போது என்னிடம் இருக்கிறது. ஓரமெல்லாம் மஞ்சளாகிவிட்டது, பட்டைகள் இன்னும் தெளிவாகத் தெரிகின்றன. அத்தை சொன்னபடி கல்லைத்தான் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொண்டுதான் எடுக்கிறேன். எடுத்ததும் என் கண் அந்தக் கோண விரலுக்குத்தான் போகிறது.